திரும்பி வர ஒரு வாசல்

ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி. ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயர் குட்டிக்காரர். நாய்க்குட்டிகளை வளர்த்து விற்பவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அன்று காலை கொட்டகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டிகளுக்கு ஊறவைத்த தீனியைப் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டி தட்டுக்குள்ளேயே ஏறி நின்று தின்றது. அப்போதுதான் கைபேசி அடித்தது.

“சார், உங்ககிட்ட ஒரு பெட்டைக் குட்டி வாங்கினேனே, இடது காது மடிஞ்சிருக்கும். அதுக்கு இப்ப ஏழு வயசாச்சு. நாங்க குடும்பத்தோட வெளிநாடு போறோம். நீங்களே எடுத்துக்கறீங்களா? பணமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்.”

“ஏழு வயசு நாயை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? வித்தது வித்ததுதான். தெரிஞ்சவங்க யாருக்காவது குடுத்துடுங்க.”

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியின் காதில் எல்லாம் விழுந்தது.

“நம்ம சீமாட்டி போட்ட கடைசிக் குட்டிதானே அது?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல.” ஈரத்துணியை அவள் உதறிய உதறலில் மீதி பதில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, குட்டிகளுக்குத் தடுப்பூசி போட டாக்டரம்மா வந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்துக்கும் அவ்வப்போது போய் இலவசமாக வைத்தியம் பார்ப்பவர். ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்.

“அண்ணே, காப்பகத்து கேட்ல யாரோ ஒரு நாயைக் கட்டிப்போட்டுட்டுப் போயிருக்காங்க. இடது காது மடிஞ்சிருக்கு. உங்க சீமாட்டியை உரிச்சு வெச்ச மாதிரியே இருக்கு. ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குது. யார் வீட்டு நாய்னு உங்களுக்குத் தெரியுமா?”

குட்டிக்காரர் கையிலிருந்த குட்டியைக் கீழே இறக்கிவிட்டார். மனைவிதான் பதில் சொன்னாள்.

“எங்க வீட்டு நாய்தான் டாக்டர்.”

இருவரும் உடனே காப்பகத்துக்குக் கிளம்பினார்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரின் மனம் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிது. ஒற்றை அறையும் சமையலறையுமான வாடகை வீடு. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அடுப்படி மூலையில் பழைய போர்வையின் மேல் சீமாட்டி முதல் ஈற்றுக் குட்டிகளைப் போட்டாள். இருவரும் சாப்பாட்டை மறந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போனபோது, தாயின் வாசம் கூடவே போகட்டும் என்று அந்தப் போர்வையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தனுப்பினாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரில் கிளம்பி, குட்டி போன வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். “பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டுக்குப் போற மாதிரியில்ல போறீங்க!” என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். ஒரு வீட்டில் வளர்க்க முடியவில்லை என்றதும், தானே போய்த் தூக்கிவந்து, வேறு நல்ல இடம் அமையும்வரை மடியில் வைத்துக்கொண்டவர்தான் அவர்.

பிறகு கிராக்கி வந்தது. கொட்டகை வந்தது, கூண்டுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை வாங்க வருபவர்களின் நாளாகிவிட்டது. அந்தப் பயணங்கள் எப்போது நின்றன என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

காப்பகத்தில் அந்த நாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கூப்பிட்டார், திரும்பவில்லை. பால்குடி மறந்ததுமே போன குட்டிக்கு இவரை எங்கே தெரியப் போகிறது? ஆனால் அவருக்குத் தெரிந்தது. முன்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அசல் சீமாட்டியாகவே படுத்திருந்தது. அவருடைய அத்தனை பெரிய உடம்பு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

காப்பகத்தை நடத்தும் பெண், தரை கழுவிக்கொண்டிருந்த குழாயை நிறுத்தினாள்.

“நீங்க குட்டி விக்கறவரா? தப்பா நினைக்காதீங்க சார். இங்க இருக்கற சாதி நாய் ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் வித்ததுதான். அவங்க வீட்டுல இப்பவும் புதுசு புதுசா குட்டி பொறந்துக்கிட்டுதான் இருக்கும். எனக்குத்தான் இங்க கட்டிப்போட இடமில்ல.”

“என்னைத்தாம்மா மொதல்ல கேட்டாங்க,” என்றார் அவர், தலை நிமிராமல். “நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

மனைவி குனிந்து நாயின் கயிற்றை அவிழ்த்தாள்.

வீட்டுக்கு வந்தும் அது தட்டைத் தொடவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஊட்டிப் பார்த்தாள். ஒரு நாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் உள்ளங்கைக்குள் தானாக வந்து தலையை நுழைத்தது. அந்தப் பேப்பரில் அன்று என்ன செய்தி வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் புதிதாக ஈற்று வேண்டாம் என்று முடிவெடுத்தார். பழைய வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, “வெச்சுக்க முடியலைன்னா தெருவுல விட்டுடாதீங்க, என்கிட்டயே கொண்டு வாங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து முகமெல்லாம் நரைத்த நாயொன்று திரும்பி வந்தது. அதற்கு இடம் தேடி அலையாத தெருவில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “எனக்கும் முட்டி வலி, அதுக்கும் முட்டி வலி. ரெண்டு பேரும் ஒரே வேகத்துல நடப்போம்” என்று அழைத்துப் போனார்.

அடுத்த வருஷம் குட்டி வாங்க வந்த இளைஞனிடமும் அதையே சொன்னார். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும், வளர்க்க முடியாமல் போனால் இந்த வாசலுக்குத்தான் கொண்டு வர வேண்டும். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“வித்த பொருளை யாராவது திருப்பி வாங்குவாங்களா சார்? உங்களுக்கு நஷ்டமில்லையா?”

குட்டியை அவன் கையில் பதமாக வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“பொருளா இருந்தா வித்ததோட முடிஞ்சுது தம்பி. இது உயிரு. இதைப் பொறக்க வெச்சவன் நான். அது கண்ணை மூடற வரைக்கும் தலைசாய்க்க ஒரு இடம் இருக்கான்னு பாக்க வேண்டியவனும் நான்தான். அது முடியாதவன் ஒரு குட்டியைக்கூடப் பொறக்க வைக்கக் கூடாது.”