அரைக் கப் வயிறும் முந்நூறு பேர் சாப்பாடும்

முந்நூறு பேருக்குச் சமைக்கிறவருக்கு அரைக் கப் சாப்பாட்டிலேயே வயிறு நிரம்பிவிட்டால் பிழைப்பு என்ன ஆகும்? பம்ப் ஆலையின் கேன்டீன் மாஸ்டருக்கு அந்தக் கதிதான் வந்தது. வரவழைத்துக்கொண்டதும் அவரேதான்.

நாலு மாதத்துக்கு முன் அவர் நூற்று நாற்பத்திரண்டு கிலோ. மாடிப்படியைப் பார்த்தாலே முட்டி இரண்டும் கெஞ்சும். சர்க்கரை, பிரஷர், படுத்தால் மூச்சுத்திணறல் என்று உடம்பு ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போனார். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள். இப்போது நூற்றெட்டு கிலோ. பேன்ட்டைப் பெல்ட்டுதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இந்த விஷயம் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஆலையில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அங்கே குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி ஒன்றரை மாதம் லீவு போட்டிருந்தார். திரும்பி வந்தவரைப் பார்த்து ஆளாளுக்குத் துளைத்தெடுத்தபோது, "காலையில வெறும் வயித்துல ரெண்டு சொம்பு சுடுதண்ணி. அப்புறம் ஒரு மணி நேரம் நடை. அவ்ளோதான்பா" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டார். ஒரே வாரத்தில் பாதி ஆலை விடியற்காலையில் எழுந்து சுடுதண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் மறைத்தார் என்றால், பயம். வேறொன்றும் இல்லை. "சாப்பிடவே முடியாதவன் சமையல்காரனா?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் போதும், பதினாலு வருஷமாகத் தான் ஆண்ட அடுப்படி கைவிட்டுப் போய்விடும் என்று நம்பினார். அந்தப் பயத்துக்கு முகாந்திரமும் இருந்தது. லீவு முடிந்து வந்ததிலிருந்து குழம்பில் உப்பு குறைகிறது என்று இரண்டு புகார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் நாக்கு அடியோடு மாறியிருந்தது. அரை உப்பே அவருக்குக் கரித்தது. "மாஸ்டர், மூணாவது புகார் வந்தா வெளியிலிருந்து கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுடுவேன்" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் பதினோரு மணிக்கு அடுப்பு முன்னால் தலை சுற்றி, அரிசி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டார்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாக ஆபரேஷன் செய்துகொண்டவரை, ஏற்கெனவே செய்துகொண்டு இரண்டு மூன்று வருஷம் ஓட்டிய ஒருவரோடு கோத்துவிடுவார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை இவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். மாஸ்டருக்கு வாய்த்தவள் ஒரு தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்க்கும் பெண். முடி கொட்டுகிறதே என்று இவர் புலம்பினால், "எனக்குச் சீப்பு நெறைய வந்துச்சு அண்ணே. ஆறு மாசம் பொறுங்க, திரும்ப முளைக்கும். மாத்திரையை மட்டும் விட்றாதீங்க" என்பாள். எடை இரண்டு வாரமாக அசையவில்லை என்றால், "மெஷினைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில போடுங்க" என்பாள்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணுமே சாப்பிடல தங்கச்சி. வயிறு நெறைஞ்சிருந்துச்சு."

"சாப்பிடாமலே எப்படி நெறையும்?"

"ருசி பார்த்தேன்ல."

"எத்தனை தடவை?"

மாஸ்டர் விரல்விட்டு எண்ணினார். பெரிய குழம்பு, சின்னக் குழம்பு, சூப்பு, பருப்பு. ஒவ்வொன்றிலும் உப்பு போடும் முன், போட்ட பின், இறக்கும் முன். அதற்கு மேல் சந்தேகத்துக்கு இரண்டு. "ஒரு முப்பது கரண்டி இருக்கும்மா."

"அதுதான் உங்க சாப்பாடு! குழம்புத் தண்ணியிலயே வயித்தை ரொப்பிட்டு, முட்டைக்கும் கோழிக்கும் இடமில்லாமப் பண்ணிட்டீங்க. தலை சுத்தாம என்ன செய்யும்? நாளைக்கு லீவுதானே, என் வேலையிடத்துக்கு வாங்க."

மறுநாள் போனார். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் அறுபதுக்குக் குறையாமல் வரிசை கட்டியிருந்தன. வெள்ளைக் கோட்டும் கையில் கரண்டியுமாக அவள் வரிசையில் நடந்தாள். சர்ரென்று உறிஞ்சினாள், வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள், பக்கத்தில் உருண்டு வந்த சக்கரம் வைத்த தொட்டியில் துப்பினாள். அடுத்த கோப்பை. எட்டு நிமிஷத்தில் அறுபதும் முடிந்தது.

"ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. நீங்களும் துப்புங்க அண்ணே."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாப்பாட்டைத் துப்புறதா? சமைக்கிற கை கூசுமேம்மா."

"துப்பப்போறது வாய். கைக்கு என்ன கூச்சம்?"

அவள் விடவில்லை. "எனக்கும் நாக்கு மாறிப்போச்சு. எல்லா டீயும் ஒரே மாதிரி இருந்துச்சு. வேலை போச்சுன்னு குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் தினமும் காலையில ஒரே டீயை ஒரே அளவுல போட்டு, அதை முதல்ல ருசி பார்த்தேன். மத்ததையெல்லாம் அதோட ஒப்பிட்டேன். நீங்களும் பழைய நாக்கைத் தேடாதீங்க, புது நாக்குக்கு ஒரு அளவு வெச்சுக்கோங்க."

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "ஆபீஸ்ல சொல்லிடுங்க. நானும் மறைச்சவதான். பிறந்த நாள்னு ஒருத்தர் வாயில கேக்கைத் திணிச்சார். வேணாம்னு சொல்ல ஒரு காரணம் சிக்கல. முழுங்கினேன். ரெண்டாவது நிமிஷம் எங்க டைரக்டரோட ஷூ மேலயே வந்துச்சு."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் புத்திமதியை எடுத்துக்கொண்டார். இரண்டாவதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

அன்றைக்கே வீட்டுக்காரம்மாவைச் சமையலறையில் உட்கார வைத்து, உப்புத் தண்ணீரை ஆறு கிண்ணத்தில் ஆறு விதமாகக் கலந்து நீட்டினார். "கல்யாணமான நாளிலேருந்து இந்த வீட்ல எனக்கு இப்படி ஒரு விருந்து நடந்ததில்ல" என்று நொடித்துக்கொண்டே அந்த அம்மாள் நாலாவது கிண்ணத்தைக் காட்டினாள். "இதுதான் உங்க பழைய உப்பு." மறுநாளிலிருந்து காலையில் முதல் வேலை அந்த நாலாவது கிண்ணம். பிறகு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி. பின்வாசலுக்கு ஓடி, சாக்கடைக் குழியில் த்தூ. மூன்றே நாளில் உப்பு பிடிபட்டுவிட்டது. மூன்று வாரத்தில் "மாஸ்டர் பழைய ஃபார்முக்கு வந்துட்டார்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. பதினோரு மணிக்கு அவரும் நிம்மதியாக ஒரு முட்டையைச் சாப்பிட்டார். தலை சுற்றல் போன இடம் தெரியவில்லை.

சந்தோஷம் மூன்று வாரம்தான் நீடித்தது. வெல்டிங் பிரிவில் ஒருவன் உண்டு. ஆள் அகலத்தையும் உயரத்தையும் பார்த்து எல்லாரும் வைத்த பெயர் பீரோ. எந்த நேரத்தில் கேன்டீன் பின்பக்கம் வந்தானோ, மாஸ்டர் குழம்பை வாயில் வைத்ததையும் ஓடிவந்து துப்பியதையும் கண்ணால் பார்த்துவிட்டான். பார்த்ததைப் பக்கத்து ஆளிடம் சொன்னான், அவ்வளவுதான். மூன்று மணிக்கு மாஸ்டர் தன் சாப்பாட்டைத் தானே தொடமாட்டார் என்று ஆனது. ஐந்து மணிக்குக் குழம்பில் எலி விழுந்தது. மறுநாள் காலை ஷிப்டுக்குள் அந்த எலி குட்டி போட்டுவிட்டது.

அன்று மதியம் மணி அடித்தது. வரிசையில் நின்றவர்கள் நாற்பது பேர்தான். மற்றவர்கள் வெளிக்கடையில் ரொட்டி வாங்கி, சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மலைபோல் சோறும் நாலு அண்டாக் குழம்பும் அப்படியே கிடந்தன. பதினாலு வருஷத்தில் அவர் சமைத்தது ஒரு நாளும் மீந்ததில்லை.

மேனேஜர் வந்தார். "துப்பினது உண்மையா இல்லையா?"

"உண்மைதான் சார், ஆனா..."

"ஆனாவெல்லாம் சாயங்காலம் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. நாளைக்கு கான்ட்ராக்டர் வர்றார்."

மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தங்கச்சிக்குப் போன் போட்டார். முதலில் சர்ரென்று ஒரு சத்தம், பிறகு த்தூ, பிறகுதான் "சொல்லுங்கண்ணே." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். பல்வலிக்கு மருந்து வைத்திருக்கிறேன், எதையும் முழுங்கக் கூடாது என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்றும் கேட்டார்.

"அந்தப் பொய்க்கு அடுத்த வாரம் இன்னொரு பொய் வேணும். எதுக்கு இந்த அல்லாட்டம்? நீங்க முழுங்கலைன்னுதானே பயப்படுறாங்க. போய் அவங்க முன்னாடி உட்கார்ந்து முழுங்குங்க. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. மெதுவா மெல்லணும், மறந்துடாதீங்க" என்றாள்.

மாஸ்டர் தன் கிண்ணத்தை எடுத்தார். இரண்டு துண்டு கோழி, ஒரு வாய்க்குச் சோறு, மேலே குழம்பு. திரும்பிவிடலாமா என்று கதவருகில் ஒரு கணம் நின்றார். பிறகு நேராகச் சைக்கிள் ஷெட்டுக்கு நடந்து, அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்தார். கோழியில் ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"துப்பப் போறார் பாரு" என்றது ஒரு குரல்.

முழுங்கினார். அடுத்த துண்டு. இருபத்தைந்து மெல்லல், ஒரு முழுங்கல். ஐந்து நிமிஷத்துக்கு மேல் அந்தக் கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மாஸ்டர் இது, மாடு அசை போடுற மாதிரி? ஏன் இவ்ளோ கொஞ்சம்?"

"இதுக்கு மேல உள்ளே எடமில்லப்பா" என்று ஆரம்பித்தார். குடலிறக்கம் பொய், சுடுதண்ணி பொய், வயிற்றை வெட்டி எடுத்தது நிஜம். முப்பது கரண்டி ருசி பார்த்தால் மயக்கம் வருகிறது, அதனால் துப்பினேன். எல்லாவற்றையும் சொன்னார்.

அப்புறம் பெயின்ட் பிரிவிலிருந்து ஒருவன், "வெட்டின வயித்தை என்ன மாஸ்டர் பண்ணாங்க?"

"ஆஸ்பத்திரிலயே இருக்கு. கேட்டா உனக்குத் தருவாங்க, வெச்சுக்கிறியா?"

ஷெட் குலுங்கச் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவன் ரொட்டியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்தது. மணி அடிக்கப் பத்தே நிமிஷம் இருக்கும்போது இருநூறுக்கும் மேல் ஆட்கள் கேன்டீனுக்குள் பாய்ந்து, சோறும் குழம்புமாக அள்ளி விழுங்கினார்கள். "மெதுவா மென்னு தின்னுங்கடா!" என்று மாஸ்டர் கத்தியதை ஒருவனும் காதில் வாங்கவில்லை. வரிசைக் கடைசியில் தட்டோடு நின்ற மேனேஜர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்கே" என்றார். கான்ட்ராக்டர் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

நாலு மணிக்கு அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் நிழல் தட்டியது. பீரோ நின்றிருந்தான். கழற்றிய தொப்பி கையில்.

"என்மேல கோவமா மாஸ்டர்?"

"பின்னே, கொஞ்சணுமா? என்னத்துக்குடா ஒளிஞ்சு நின்னு பார்த்தே?"

"நாப்பது நாள் சுடுதண்ணி குடிச்சேன். அரைக் கிலோகூட இறங்கல. நீங்க வேற ஏதோ பண்றீங்க, அது என்னன்னு பார்த்துடலாம்னுதான் ஒரு வாரமாப் பின்னாடியே சுத்தினேன்." அவன் தொப்பியைத் திருகினான். "போன மாசம் பொண்ணு ஸ்கூல் மீட்டிங்ல நான் உட்கார்ந்த நாற்காலி ஒடைஞ்சு கீழே விழுந்துட்டேன். எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சுதுங்க. அவ மட்டும் சிரிக்கல. அவளும் சிரிச்சிருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தன் அடுப்படிக்கு ஆபத்து என்று பயந்து பயந்து, இந்த மனுஷனை நாற்பது நாள் வெந்நீர் குடிக்க வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கப்பா. உன்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"அதை விடுங்க. ஆபரேஷன்... ரொம்ப வலிக்குமா மாஸ்டர்?"

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த மர பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டார். அவன் பெஞ்சைப் பார்த்தான். உட்காராமல் தயங்கினான்.

"பயப்படாம உட்காரு தம்பி. பதினாலு வருஷம் என்னைச் சுமந்த பெஞ்சு. ஒடையாது."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். மாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முதல் வாரத்து வலியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.