ஐந்தாம் மாடி வரைக்கும் ஒரு வாக்கியம்

ஷூ நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே லிஃப்ட்காரர் முந்தின நாள் கேட்ட பாதி வாக்கியத்தை மனைவியிடம் சொன்னார். "தே ஆர் கோயிங் டு ரிப்ளேஸ் த... அவ்வளவுதான், கதவு திறந்துடுச்சு. எதையோ மாத்தப் போறாங்க. எதைன்னு சொல்லு பாப்போம்."

"கார்ப்பெட்," என்றாள் அவள், சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்தியபடி.

"இல்ல."

"அப்ப ஃபேன்."

"அதுவும் இல்ல. நல்லா யோசி. சாயங்காலம் வந்து கேக்கறேன்."

"ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க," என்று டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

அன்று பதினொன்றரை மணிக்குத் தரைத்தளத்தில் லிஃப்டின் கதவு திறந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். ஏற வந்தவர்கள், மூச்சு நின்றுபோனது தெரியாமல், பாவம் அசந்துவிட்டார் என்று நினைத்து, சத்தம் போடாமல் தாங்களே பட்டனை அழுத்தி மூன்று மாடி போயிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

லிஃப்ட்காரர் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் விசித்திரமானது. பழைய பேப்பர் கடையில் ஒரு இலக்கணப் புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டை கிடையாது, முதல் நாற்பது பக்கமும் கிடையாது. பெயர்களெல்லாம் அந்த நாற்பது பக்கத்தோடு போய்விட்டதால் வாக்கிய வகைகளுக்கு அவரே பெயர் வைத்தார். தினமும் நடப்பது 'தினப்படி'. தீர்மானித்துவிட்டு இன்னும் செய்யாதது 'முடிவு பண்ணியாச்சு'. அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று அங்கலாய்ப்பது 'அடடா'. என்றோ ஆரம்பித்து இந்த நிமிஷம் வரைக்கும் விடாமல் வருவதற்குக் 'கூடவே வருது' என்று பெயர்.

உதாரணங்களுக்கு அவர் புத்தகத்தைத் தேடவில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள், இவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், அவர் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசித் தீர்த்தார்கள். மாமியார் சண்டை, மேனேஜரின் விக், யாரோ கட்டாத சீட்டு, எல்லாம். அவர் முகத்தைக் கதவுக்கு நேரே வைத்துக்கொண்டு காதை மட்டும் பின்னால் விட்டுவைப்பார். கேட்டதை நோட்டில் எழுதி, பக்கத்தில் மாடி எண், பேசியவருக்குத் தான் வைத்த பட்டப்பெயர், வகை எல்லாம் குறிப்பார். குறை ஒன்றுதான். மாடி வந்ததும் கதவு திறக்கும், வாக்கியம் பாதியில் இறங்கிப் போய்விடும்.

மிச்சத்தைப் போட்டு முடிப்பது வீட்டில் அவள் வேலை. அவள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். எழுத்து விட்டுப்போன இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. ஒருநாள் அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "தமிழ்ல பாதியில இறங்கிட்டா யாரு, எங்க, எதுக்கு, யார்கூட, எல்லாம் தெரிஞ்சுடும். என்ன பண்ணாங்கங்கறது மட்டும் தெரியாது. இங்கிலீஷ்ல பண்ணது முன்னாடியே வந்துடுது. எதை, எங்கங்கறதுதான் லிஃப்டை விட்டு எறங்கிப் போயிடுது."

"அப்ப ரகசியம் பேசறவங்க தமிழ்லதான் பேசணும்," என்று அவர் அன்று முழுக்கச் சிரித்தார்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. விளையாட்டுக்கு விதி ஒன்றே ஒன்று. வகை சரியாக இருந்தால் எந்த முடிவும் சரி. உண்மையான முடிவு இரண்டு பேருக்குமே தெரியாது அல்லவா?

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, இந்த விதிதான் அவளை உறுத்தத் தொடங்கியது. கார்ப்பெட் என்றதற்கு அவர் "இல்ல" என்றார். ஃபேனுக்கும் "இல்ல". நாலு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது. அப்படியானால் அவருக்கு முடிவு தெரிந்திருக்கிறது.

நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம். ஐந்தாம் மாடி. குடைக்காரம்மா. முடிவு பண்ணியாச்சு வகை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் மனம் அந்த இடத்தை ஒரேயொரு வார்த்தையால் நிரப்பியது. லிஃப்ட்மேன். வேலை போகப்போகிறது என்பதைத் தன் காதாலேயே கேட்டு, அந்த அதிர்ச்சியை நெஞ்சில் ஏற்றிக்கொண்டுதான் மறுநாள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாரா? தான் கார்ப்பெட், ஃபேன் என்று உளறிக்கொண்டிருந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது? டப்பாவின் மூடி நினைவிருக்கிறது, முகம் நினைவில் இல்லை.

"அதைத் தெரிஞ்சு என்னடி பண்ணப்போற?" என்றாள் அவள் அக்கா. "போன உசிரு வரப்போகுதா?"

"வராதுக்கா. ஆனா பயந்துக்கிட்டே போனாரான்னு எனக்குத் தெரியணும்."

"பயந்துதான் போனாருன்னு சொன்னா? தாங்குவியா?"

"தெரியாமக் கிடக்கறத விடத் தாங்குவேன்."

அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

கட்டடத்தின் வாசலில் வாட்ச்மேன் அவளையும் கையிலிருந்த அட்டையையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வாங்கம்மா. சொல்லியிருந்தா நானே வந்து வாங்கிக்கிட்டிருப்பேனே." லிஃப்டுக்குள் ஸ்டூல் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு கால் தடமும் தரையில் வெளிறிப்போய்த் தெரிந்தது. "இப்ப ஆள் கிடையாதும்மா. அவங்கவங்களே அழுத்திக்கறாங்க." அவள் சந்தேகம் கல்லாக இறங்கியது.

குடைக்காரம்மாவைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் மாடி அலுவலகத்தில், வெயிலும் மழையும் இல்லாத அன்றைக்கும், ஒரு மேஜையின் ஓரத்தில் நீளக் குடை தொங்கியது. அதன் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். தான் யார் என்று சொல்லி, நோட்டைத் திறந்து அந்த அம்மாள் முன்னால் வைத்தாள்.

அந்த அம்மாள் ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம். காது மடல் சிவந்துவிட்டது. "அய்யய்யோ. இது நான் என் நாத்தனாரப் பத்திச் சொன்னது. இதுவும் நான்தான். குடைக்காரம்மாவா? எனக்கு இப்படியா பேரு வச்சிருந்தார்?"

"கோவிச்சுக்காதீங்க. மேனேஜருக்கு வச்ச பேரு இதை விட மோசம்."

குடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. அதுக்கு முடிவே கிடையாதும்மா. நான் முடிக்கல. புதுசா சேந்த பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டு வந்தேன். பாதியில அவர் பின்கழுத்து கண்ணுல பட்டுச்சு. என்னமோ கூச்சமாப் போச்சு, முழுங்கிட்டேன்."

"அவரைப் பத்தித்தானே?"

"அவரைப் பத்திதான்." அந்த அம்மாள் தயங்கினாள். "கதவு திறந்தது. அந்தப் பொண்ணு எறங்கிடுச்சு. நான் எறங்கறப்ப அவரு மெதுவா சொன்னாரு. 'லிஃப்ட்மேன், மேடம். ஐ ஹேவ் நோன் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவருக்கு இங்கிலீஷ் தெரியும்ங்கறதே அன்னிக்குத்தான் தெரியும்!"

கூடவே வருது வகை. ஒருநாள் தெரிந்து அன்றோடு முடிந்த விஷயம் இல்லை. ஆறு மாதமாக அந்தச் செய்தி அவரோடு லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறது, அவரோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தில்தான் அவர் மேனேஜரின் விக்கைப் பற்றி நடித்துக் காட்டியது, அவள் தைத்த தலையணை உறையைக் கோணல் என்று கேலி செய்தது, மாலை ஆறரைக்கு நோட்டை விரித்து "இன்னிக்கு மூணு சிக்குச்சு" என்றது.

"அப்ப அவர் மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சிரிச்சாரும்மா. நான்தான் நடுங்கினேன். 'வீட்ல இன்னும் சொல்லல மேடம். நேரா சொன்னா ஆறு மாசமா ஏன் மறைச்சீங்கன்னு கத்துவா. அதனால கேள்வியா கேக்கப்போறேன். அவளே கண்டுபிடிச்சுடுவா, கெட்டிக்காரி'ன்னாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. "ஆறு மாசம்! ஒரு மூச்சு விடல பாருங்க. கத்தாம கொஞ்சவா செய்வேன்?" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். குடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கார்ப்பெட் என்று தான் சொன்னதை அந்த அம்மாளிடம் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, அவள் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அட்டையைக் கொடுக்கக் கீழே இறங்கினாள். லிஃப்டில் அவளோடு இரண்டு பேர் ஏறினார்கள். அதில் ஒருவர் மற்றவரிடம் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். அவள் முகத்தைக் கதவுக்கு நேரே வைத்துக்கொண்டு கேட்டாள். 'அடடா' வகை. 'இருந்திருந்தால்' என்பது வந்துவிட்டது, என்ன ஆகியிருக்கும் என்பது வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"ரொம்ப வேகமா எறங்குதே," என்றாள் வாட்ச்மேனிடம், அட்டையை நீட்டியபடி.

"இல்லம்மா, அதே வேகந்தான். மாட்டின நாள்லேருந்து அஞ்சாவது மாடிக்கு முப்பத்தோரு செகண்டு. இன்னிக்கும் முப்பத்தோரு செகண்டு."