வலதுபக்கம் இழுத்த வண்டி

லொரெட் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பிக்கப் வண்டியின் மூக்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். மறுமுனை அவள் கணவன் நோர்மனிடம் இருந்தது. இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்தாயிற்று. சக்கரம் அரைச்சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி, அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தார்கள்.

"முன்னால அகலம், பின்னால குறுகல்" என்றாள் லொரெட். "ஒரு கட்டைவிரல் தண்டி வித்தியாசம் இருக்கு."

"ரோடு அப்படி. பனி உருகினப்ப விழுந்த குழிய இன்னும் ஒருத்தனும் மூடல."

"குழி ரெண்டு சக்கரத்துக்கும் பொதுதானே."

டேப் சரசரவென்று நோர்மன் பக்கம் சுருண்டு ஓடியது.

கொஞ்ச நாளாகவே வண்டி வலதுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் இறங்குவதற்குள் லொரெட்டுக்குத் தோள்பட்டை கடுத்துவிட்டது. கோயில் வாசலில் நின்ற அவள் தம்பி குளோவிஸ் விடவில்லை. "என்னக்கா, உன் வண்டி கோயிலுக்கு வரமாட்டேங்குது, சாராயக்கடைப் பக்கமே திரும்புது" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். நோர்மன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை.

நகரத்துப் பனி அள்ளும் லாரிகளைப் பராமரிக்கும் பட்டறையில் பல குளிர்காலம் வேலை பார்த்தவள் அவள். வலது டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஒருபக்கம் வழுவழுவென்று போன கை, திரும்பி வரும்போது மீன் செதிலை எதிர்ப்பக்கம் தடவியதுபோல் சுரசுரத்தது. சக்கரம் வெளிப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டு தரையில் தேய்ந்தபடியே ஓடியிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாள். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் ஆட்டினாள். அதிலும் இல்லை. தேய்மானம் என்றால் எங்காவது லொடலொடக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு, வலதுபக்கத்தில் வில்லாக வளைந்திருந்தது. பழைய துருவைக் கிழித்துக்கொண்டு ஒரு புதுக் கீறல். அதன் கிளாம்ப் இடுக்கில் மண்ணோடு காய்ந்த உருளைக்கிழங்குச் செடி ஒன்று சிக்கிக் கிடந்தது.

அதை இழுத்தெடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நோர்மன் அதைப் பார்த்ததும் துணியை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ரோட்டுக் குழியில உருளைச்செடி ஏது?"

அவன் துணியை மறுபக்கம் திருப்பித் துடைத்தான்.

"யாரையாவது இடிச்சியா?"

"இல்ல." சட்டென்று சொன்னான். "யாரையும் இல்ல. திபோதோ தன் வயல்ல கல்லு குவிச்சு வெச்சிருக்கான்ல, அதுல."

"வயலுக்குள்ள எதுக்குப் போன?"

நோர்மன் கவிழ்த்து வைத்திருந்த பீப்பாயின்மேல் உட்கார்ந்தான். "அதான் தெரியல. வளைவு தாண்டினது ஞாபகம் இருக்கு. அடுத்து பாத்தா இன்ஜின் ஓடிட்டிருக்கு, எதிர்ல கல்லு, வாயில ரத்தம். நடுவுல ஒண்ணுமே இல்ல. தூங்கியிருப்பேன்."

"தூங்கறவன் நாக்கைக் கடிச்சுக்குவானா?" சூப் நாக்கைச் சுட்டுவிட்டது என்று சொல்லி அவன் சில நாள் வெறும் ப்ளோ தோசையில் வெண்ணெய் தடவித் தின்றது அவள் நினைவுக்கு வந்தது. "அதுக்கு முன்னால இப்படி ஆகியிருக்கா?"

"இல்ல." பிறகு, "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றான்.

"டாக்டரைப் பாக்கணும்."

"பாத்தா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. திங்கக்கிழமை கிழங்கு அறுவடை தொடங்குது. குளோவிஸ் பெரிய லாரிய எனக்குன்னு வெச்சிருக்கான்."

"அதனாலதான் சொல்றேன்."

"நான் வேலை பாத்த மில்லை மூடினப்புறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் லொரெட்."

அவள் கையில் ஸ்பேனர் இருந்தது. மறுபடி வண்டிக்கு அடியில் நுழைந்தாள். தம்பியின் கிழங்குக் கிடங்குக்குப் பின்னால் செத்துக் கிடந்த பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த ராடு ஒன்று ஷெட்டில் இருந்தது. கேட்காமலே நோர்மன் அதை எடுத்து வந்து நீட்டினான். அவள் மரை திருகினாள், அவன் அளவு சொன்னான். "இன்னும் கொஞ்சம்." "போதும், கொஞ்சம் பின்னால வா." வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி நிலைகொள்ள விட்டு மறுபடி அளந்தார்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு நூல் குறுகலாக வந்ததும் கிளாம்பை இறுக்கினாள். வேறு எதைப் பற்றியும் இருவரும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு இசைவாக அவர்கள் எந்த வேலையும் செய்ததில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும். நோர்மன் சாவிக்குக் கை நீட்டினான். லொரெட் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பக்கம் ஏறினாள். அவன் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தான்.

ஆற்றோரச் சாலையில் அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். வண்டி நூல் பிடித்ததுபோல் போனது. கிழங்கு வேலைக்காகப் பள்ளிக்கு அறுவடை விடுமுறை விட்டாயிற்று; வழியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். குளோவிஸின் கிடங்கு வந்ததும் உள்ளே திருப்பினாள்.

"இங்க எதுக்கு?"

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நோர்மன் வாய் திறப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

குளோவிஸ் கன்வேயர் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை. வண்டியருகே போய்க் கண்ணாடி ஓரம் குனிந்தான்.

"அத்தான், லாரிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க இந்த வருஷம் பெல்ட்டுகிட்ட நில்லுங்க. கிழங்குல கல்லு பொறுக்க ஆள் வேணும்."

"பள்ளிக்கூடப் புள்ளைங்க பாக்கற வேலை அது."

"ஆமா அத்தான்" என்றான் குளோவிஸ். எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு பெல்ட்டுக்குத் திரும்பினான்.

டாக்டர் தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். வலிப்பா இல்லையா என்று திட்டமாகத் தெரியவில்லை, ஆனாலும் சில மாதம் வண்டி தொடக்கூடாது என்றார். நோர்மன் பெல்ட் ஓரத்தில் பிள்ளைகளுக்கு நடுவே நின்று கல் பொறுக்கினான். காலையில் லொரெட் கொண்டுபோய் விடுவாள், பொழுது சாயும்போது கூட்டி வருவாள். வழி நெடுக அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான்.

அறுவடை முடியும்வரை அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். வந்திருந்தால் தான் செய்தது சரி என்று ஆகியிருக்கும் என்ற நினைப்பு ஒரு கணம் ஓடியதும், லொரெட் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

முதல் பனி விழுந்த அன்று கிடங்கைப் பூட்டினார்கள். நோர்மன் ஏறி உட்கார்ந்து, பூட்ஸைத் தட்டிவிட்டு, முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னால என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே."

"கேட்ட. பதில் சொல்ல விடல."

அது உண்மைதான். விட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வைப்பரைப் போட்டுப் பனியை வழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.