லடாக்குக்கு வைத்த டீசல்

"மனுசகுலமே ரெண்டு வகைதான். மிச்ச எண்ணெயோட கெளம்புறவன், நடுவழியில கையைப் பெசையிறவன். நம்ம அண்ணன் முதல் வகை!"

ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்று முழங்கிக்கொண்டிருந்தார் ஸ்ரீநிவாசன். 'செட்டிநாடு நெடும்பயணச் சங்க'த்தின் தலைவர். பெட்டிக்குள் இருந்த குழந்தைவேலு அதன் செயலாளர். தன் ஜீப்பில் அவர் போன அதிகபட்ச தூரம் காளையார்கோவில். வழியில் ஏழு பெட்ரோல் பங்க் உண்டு.

ஆனாலும் ஜீப்பின் முதுகில் மூன்று இரும்பு கேன்கள் வாரால் இறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் இருபது லிட்டர். ஆயுத பூஜைக்கு ஜீப்புக்கு ஒரு பொட்டு என்றால் கேன்களுக்கு மூன்று. அண்ணன் தம்பி யாரும் அவற்றைத் தொடக்கூடாது. லடாக்கில் முந்நூறு கிலோமீட்டருக்குப் பங்க்கே கிடையாதாம்.

அவர் மனைவி சந்திரலேகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. மகன் அஜித் சென்னையிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதும் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"ஆம்புலன்ஸ கூப்புட்டிருக்கலாம்ல?"

"நம்ம வண்டி நிக்கிறப்ப அது எதுக்குன்னாக. நெஞ்ச புடிச்சுக்கிட்டே அவுகதான் ஓட்டுனாக."

"சரி, டேங்கு காலி. பின்னாடி அறுவது லிட்டர் இருந்துச்சே. ஏன் ஊத்தல?"

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். திருப்பத்தூர் ரோட்டில் ஜீப் இருமி நின்றதும் அவள் இறங்கி ஓடி வாரை அவிழ்த்தாள். அவர் தள்ளாடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். வியர்த்த கை. 'தொடாத. அது லடாக்குக்கு.' அவர் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை. முப்பது வருடப் பழக்கம், கையை எடுத்துவிட்டாள். பால் வண்டி ஒன்று வந்து நிற்க அரை மணி நேரம் ஆனது.

"தொடக்கூடாதுன்னாகப்பா."

"சொன்னா? நீ கேட்டுருவியா? கால் மணி நேரம் முந்திப் போயிருந்தா மனுசன் பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொல்றாரு. நீ விட்டுட்டம்மா."

விட்டுட்ட. அந்தச் சொல் அவள் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. ஸ்ரீநிவாசன் கையசைத்துத் தடுத்தார்.

"அண்ணனுக்கு வாடகை வண்டியா? அவரு ஜீப்புலதான் போகணும். அவரு சேத்து வச்ச டீசல்லதான் போகணும்!"

சங்கத்து ஆட்கள் கைதட்டப் போய், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். கட்டி இழுத்து வந்த ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது.

"ஊத்துங்க சித்தப்பா" என்றான் அஜித், அம்மாவைப் பார்த்தபடி. "இப்பவாச்சும் ஊத்துங்க."

சந்திரலேகா எழுந்து நிலைப்படி வரை வந்தாள்.

ஸ்ரீநிவாசன் பயபக்தியோடு முதல் கேனின் மூடியைத் திறந்தார். மூக்கைக் கொண்டுபோனார். மறுபடியும் கொண்டுபோனார்.

"என்ன தம்பி, வாடையே இல்ல?"

அஜித் கேனைப் பிடுங்கி உள்ளங்கையில் சரித்தான். அடுத்த கேனைத் திறந்தான். அதற்கடுத்ததையும். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றான். அம்மா பக்கம் திரும்பவில்லை.

மூன்று கேன்களிலும் இருந்தது குழாய்த் தண்ணீர். ஒன்றில் பாசி பிடித்திருந்தது.