குமர் ஏறிய தோணி

போன மாரியில் மூதூரிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஜவாஹிரின் இயந்திரத் தோணியில் போனோம். ஆண்கள் பதினொரு பேர். பின்னால், சுக்கான் பிடித்த ஜவாஹிருக்குப் பக்கத்தில், அவன் மகள் றிஷானா. வயது இருபத்து மூன்று, கலியாணம் ஆகவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பழைய ஆட்கள் நாங்கள் 'குமர்' என்போம். குமர் இருக்கும் பலகையில் பிற ஆண்கள் இருப்பதில்லை. "எல்லாரும் முன்னுக்குப் போங்க" என்றான் ஜவாஹிர். மரியாதையாக முன்பக்கம் ஒடுங்கினோம்.

நடுக்கடலில் வாடைக்காற்று பிடித்தது. தோணியின் மூக்கு அலைக்குள் குத்த, பின்னால் இயந்திரத்தின் விசிறி தண்ணீரை விட்டு மேலெழுந்து வெறுங்காற்றில் அலறியது. கணுக்கால் வரை தண்ணீர்.

"குமரி எண்டதுதான் தேஞ்சு குமராகினது. இளமை எண்டு அர்த்தம்" என்றார் செல்லத்தம்பி மாஸ்டர், வாளியால் இறைத்துக்கொண்டே. மரணத்தறுவாயிலும் பாடம் எடுப்பார்.

"இல்ல மாஸ்டர்," என்றேன். "முந்தி இந்தக் கடலில ஒரு தீவு இருந்தது. அதில ஒரு பொம்பிளப் புள்ள கால் வெச்சா. ஆம்பிளையெல்லாம் மரியாதைக்கு மற்றக் கரைக்கு ஒதுங்க, தீவு கவுண்டு போச்சு. தாழுற நேரம் 'குமர்' எண்டுதான் சத்தம் கேட்டதாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. ஒரு சூரைமீன் உள்ளே குதித்து, நெருக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குதித்தது.

றிஷானா எழுந்தாள். "வாப்பா, ஆக்களப் பின்னுக்கு வரச் சொல்லுங்க. முன்பாரத்திலதான் தாழுது."

"ஏலாது மகள். ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கிறதக் கேக்க நாம கரைக்குப் போகணுமே!"

ஜவாஹிர் சுக்கானையே பார்த்தான். அவன் சொல்லாமல் நாங்களும் அசையவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"குமர் பாரம், குமர் பாரம் எண்டு சொல்றீங்களே, முன்னுக்கு அமத்துறது ஆரு?"

அடுத்த அலை மாஸ்டரின் வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கடுத்தது மாஸ்டரை எடுக்கப் பார்த்தது. மூன்று பேர் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டோம்.

"வாங்கடா பின்னுக்கு!" ஜவாஹிர் கத்தினான்.

ஒவ்வொருவராகத் தவழ்ந்தோம். ஐந்து பேர் அவளுடைய பலகையில், மற்றவர்கள் நடுவில். எழுபத்தொரு வயதில் முதன்முறையாக ஒரு குமருக்குப் பக்கத்தில் தோள் முட்ட இருந்தேன். உயிர் போகும் நேரத்தில் ஓதும் கலிமாவைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. மூக்கு மெல்ல நிமிர்ந்தது. விசிறி தண்ணீரைக் கவ்வியது.

இறங்குதுறையில் நின்ற, ஜவாஹிர் 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் முறையான ஒருவர் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன ஜவாஹிர், குமருக்குப் பக்கத்தில இவ்வளவு ஆம்பிளையள்?"

ஜவாஹிர் கயிற்றைக் கட்டி முடித்தான்.

"ஓம் காக்கா. பதிமூணு பேரும் உசிரோட."