ஈரத்திட்டு

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், மூன்றாவது கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஈரத்திட்டு இருந்தது. அதில் முதுகைச் சாய்த்தவர்களுக்கு மூச்சிரைப்பு நின்றது. மேலே குழாய் ஒழுகியது. அதைச் சரிசெய்யக் கேட்ட மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கியது. அது தூங்கிய வரைக்கும் ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

வார்டு டாக்டரம்மா அந்தத் திட்டை ஆராயத் தொடங்கியது தன் அக்காவுக்காக. நாலு படி ஏறினால் அக்காவுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். சுவரில் சாய்ந்தால் பாட்டே பாடுவாள், அதுவும் சுருதி இல்லாமல். "அதுக்காக இங்கேயே குடித்தனம் பண்ண முடியுமா? இதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சு மருந்தாக் குடுடி" என்றாள். டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு நிதி கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றது அரசு. பரிசீலனை முடிவதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

பிறகு எதிர்ச்சாரியில் ஒரு தனியார் கம்பெனி வந்தது. அவள் கேட்ட கருவிகளையெல்லாம் யோசிக்காமல் கொடுத்தது. ஆனால் திட்டு தன் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றது. அரசு பாதித் திட்டை விற்றது. செங்கல் செங்கலாகப் பெயர்த்து, ஒழுகும் குழாயின் ஒரு துண்டோடு கொண்டுபோய்ப் பளிங்குத் தரையில் நிறுத்தினார்கள். கம்பெனி பிளம்பருக்குக் கை சும்மா இருக்காது. ஒழுகலைப் பார்த்ததும் அடைத்துவிட்டார். இந்தப் பக்கம், மீதித் திட்டைப் பார்க்க அமைச்சர் வருகிறார் என்று அரசு பழைய மனுவைத் தூசி தட்டி எடுத்துத் தன் குழாயையும் சரிசெய்தது. இரண்டும் காய்ந்தன. ஊருக்கே மூச்சிரைத்தது. அக்கா உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

குழாயைத் திரும்ப ஒழுக விடுங்கள் என்று டாக்டரம்மா இரண்டு இடத்திலும் கெஞ்சினாள். அதற்கு விதி இல்லை என்றது அரசு. தங்கள் தரத்துக்கு அது இழுக்கு என்றது கம்பெனி. அவள் வாசலிலேயே நின்று அழுதாள். யாருக்குத்தான் அழுகை வராது.

அடுத்த மழைக்காலத்தில் திட்டு தெருவுக்கு வந்துவிட்டது. யார் கட்டியதென்று தெரியாத ஒரு குட்டைச் சுவரில், மேலே குழாயே இல்லாமல், வந்து உட்கார்ந்துகொண்டது. பராமரிப்பு தலையில் விழுமே என்று பயந்து, அது தங்களுடையதல்ல என இரு தரப்பும் எழுதிக்கொடுத்தன. பஸ் நிறுத்தத்தை அங்கே மாற்றினார்கள். ஆட்கள் வரிசையாகச் சாய்ந்து நின்று, ஈர முதுகோடு வேலைக்குப் போனார்கள். டாக்டரம்மா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தாள்.

"ஊதுக்கா, இன்னும் மூச்சை அளந்து முடிக்கல."

"சும்மா இருடி, பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டு, கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓடினாள் அக்கா. ஓடியே ஏறிக்கொண்டாள்.