இணைப்பு வாய்

அன்று அந்த மருத்துவமனை அறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, எங்கள் மகள், மருமகன், பகல் ஷிஃப்ட் நர்ஸ். வேறு யாரும் இல்லை.

மகள் கணினி விளையாட்டு ஒன்றில் விண்வெளி ஆய்வு நிலையம் கட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வகமும் சூரியத் தகடுகளும் முடிந்து, மூன்று வீரர்கள் மேலே ஏறிவிட்டார்கள். நோய் அவள் கைகளை முடக்கிவிட்டதால், அவள் சொல்லச் சொல்ல நான் மவுஸைப் பிடித்தேன். அவர்களைத் திருப்பிக் கூட்டிவரும் கலம் வந்து பூட்டிக்கொள்வதற்கான இணைப்பு வாயோடு, நிலையத்தின் கடைசிப் பகுதி மேலே போக வேண்டும். அந்த மூவரையும் வீடு சேர்ப்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

“வாய் வெளியப் பாக்கணும்ப்பா. திருப்பி வைங்க.”

“எனக்குத் தெரியாதா? அப்பனுக்கே பாடமா?”

“மாமா, ஒருதடவ பெருசு பண்ணிப் பாத்துடலாமே,” என்றார் மருமகன்.

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை.”

அந்தப் பகுதியை அப்படியே மேலே அனுப்பினேன். திரும்பும் கலம் மூன்று முறை வந்து முட்டியது. மூன்று முறையும் பூட்டாமல் விலகிப்போனது. பிறகு எரிபொருள் தீர்ந்தது.

“சரி விடுங்கப்பா, மூணு பேரும் மேலயே குடித்தனம் பண்ணட்டும்,” என்று சிரித்தாள் மகள். நர்ஸும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை மகள் போய்விட்டாள்.

கடைசியில் அவளுக்குப் புத்தி தடுமாறி, திரும்ப வழியில்லாத நிலையத்தைக் கட்டினாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் சரியாகத்தான் சொன்னாள். வாயை மாற்றிப் பொருத்தியவன் நான்.